மேனேஜரைக் கூப்பிடாதீங்க

பட்டம் வாங்கிய கையோடு முதல் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய ஒருவன், பேருந்தை விட்டு இறங்கி, குறுக்கு வழி என்று நம்பி ஒரு காலி மனைக்குள் நுழைந்தான். அவன்தான் இதை எழுதுகிறவன். அங்கே நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது, மற்றது எங்கோ தூரத்தில். மயங்கி விழுந்துவிட்டார் போல என்று பதறி ஓடப் போனவனை அந்தப் பெண் முகத்தைக்கூடத் தூக்காமல் நிறுத்தினார்.

"தம்பி, ஓடாதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அங்கயே உக்காந்துடுங்க. ரோட்டுப் பக்கம் மட்டும் பாக்காதீங்க."

பார்க்காதே என்று சொன்னால் கண் அங்கேதான் போகும். காலி மனை முடிகிற இடத்தில் புறவழிச் சாலை. சரக்கு லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தன. சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பழுப்பு நாய். கழுத்தில் பட்டை இல்லை. கழுத்தைச் சுற்றி முடி கொட்டி, மருந்து தடவிய தோல் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குச் சற்று இந்தப் பக்கம், தோளில் துண்டோடு ஒரு பெரியவர். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கத்திவிடுவோமோ என்ற பயத்தில் தன் வாயைத் தானே மூடி நிற்கிறவரை அவன் அதுவரை பார்த்ததில்லை.

இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் புழுதியில் உட்கார்ந்தான். அப்புறம் நடந்ததெல்லாம் அவன் கண்ணால் கண்டது. அதற்கு முன்னால் நடந்தது, அந்த வீட்டாரே பின்னால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டு சொன்னது.

படுத்துக் கிடந்தவரைத் தெருவில் எல்லோரும் பிஸ்கட் அக்கா என்பார்கள். இடுப்பில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்னத் தகர டப்பா, அதற்குள் விரல் நுனி அளவுக்கு உடைத்த பிஸ்கட் துண்டுகள். குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தப் பை இடுப்பில்தான். முன்பு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். காப்பகத்தை மூடியபோது, குழந்தைகளிடம் கற்ற பொறுமை மட்டும் கையில் மிஞ்சியது. எதிர்வீட்டில் வாங்கி வந்த ஒரு குட்டி கண்ட இடத்தில் சிறுநீர் கழித்து, வீட்டுக்காரர் அதன் மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்ப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் போய்ப் பேசினார். அங்கேதான் ஆரம்பம்.

தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப் போங்க, தின்னதும் கூட்டிப் போங்க, ஆடி முடிச்சதும் கூட்டிப் போங்க, சரியான இடத்துல போனா அந்த நொடியே ஒரு துண்டு குடுங்க, உள்ள வந்தப்புறம் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்குத் தெரியாது என்றார். காப்பகத்துப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே பாடம்தான். அந்தக் குட்டி சீக்கிரமே திருந்தியது. வாய் வழியாகப் பேர் பரவி, அக்கா வீட்டு முன்வாசலில் தினமும் நான்கைந்து குட்டிகள் உட்காரவும் எழவும் பழகின. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவருக்கு இதில் சந்தோஷமே. நெருப்புப் பொறிக்கு நடுவே நிற்கிறவருக்கு வீட்டில் நாய்க்குட்டி காலை நக்கினால் கசக்குமா?

கசந்தது மாமனாருக்கு. வாலிபம் முழுக்க லாரி ஓட்டியவர். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் அவர் டிரைவர்தான். மனைவி இறந்ததும் மகன் வீட்டோடு வந்தார். வரும்போது ஒரு பெட்டியும் மனைவியின் நாயும் கூட வந்தன. அந்த அம்மாள் நாய்க்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தார். குட்டியாக இருந்தபோதே காலையில் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கொள்ளுமாம்.

"எம் மருமக நாய்க்கு எல்.கே.ஜி. நடத்துறா. அடுத்த வருஷம் பரீட்சையும் வைப்பா" என்று டிரைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நாயை நாயாக வளர்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. கூப்பிட்டால் வரவேண்டும், வராவிட்டால் ஒன்று போடவேண்டும். மனைவி இருந்தவரை மேனேஜர் அந்த அம்மாள் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்ததால் கூப்பிடவேண்டிய தேவையே இருக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டார். செருப்பைக் கடித்திருக்கிறதா, "மேனேஜர், இங்க வாடா." வந்ததும் அதே செருப்பால் ஒன்று. காதில் மருந்து விடவேண்டுமா, "மேனேஜர், வாடா." குளிப்பாட்டவேண்டுமா, அதற்கும் அதே கூப்பாடு. பாவம், அந்தப் பேர் காதில் விழுந்தாலே நாய் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது.

அக்கா சொல்லாமல் இல்லை. கூப்பிட்டு வந்த நாயை அடிக்காதீங்க மாமா, திட்டியே ஆகணும்னா நீங்க எழுந்து நடந்து போய்த் திட்டிட்டு வாங்க என்று பதமாகத்தான் சொல்வார். மாமனார் காதில் அது ஏறாது. உன் வாத்தியார் வேலையை வாசலோடு வைத்துக்கொள் என்பார். அக்காவுக்கும் ஒரு எல்லைக்குமேல் பேச வாய் வராது. அது இறந்த மாமியாரின் நாய், மாமனாரின் துக்கம். இரண்டிலும் மருமகள் எவ்வளவு தூரம் கை வைக்கமுடியும்? அதனால் அவருக்குத் தெரியாமல், பின்கட்டில் வைத்து, தகர டப்பாவைக் குலுக்கினால் வரும்படி மேனேஜரைப் பழக்கிக்கொண்டிருந்தார். கெட்டுப்போன பேரைச் சீக்கிரம் சரிசெய்ய முடியாது, புதுச் சத்தம் ஒன்றைச் சுத்தமாக ஆரம்பிப்பதே சுலபம்.

அந்தக் காலையில் முதல் சண்டை கழுத்துப் பட்டையால் வந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். டிரைவர் நழுவிவிடக் கூடாதென்று இறுக்கி மாட்டி, கழற்றவே இல்லை. முடிக்குள் தோல் வெந்து புண்ணாகி, லேசாக நாற்றம் வந்த பிறகுதான் அக்கா கவனித்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மருந்து தடவினார். புண் காயும்வரை பட்டையே வேண்டாம் என்றார்.

"பட்டை இல்லாத நாய் தெருநாய்" என்றார் டிரைவர்.

"காத்து படட்டும் மாமா. உள்ளதான இருக்கப் போகுது."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. நான் பாத்துக்கறேன்."

அக்கா வாயிலிருந்து வந்த வார்த்தை அது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். வாசல் கேட்டின் கீல் விட்டுப்போய், முந்தின நாள்தான் கணவர் அதைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தார். கேட் இருந்த இடத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா அடித்துச் சொல்கிற விதி, வெளிக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்காமல் உள்கதவைத் திறக்காதீர்கள் என்பது. ஊருக்குச் சொன்னவர் வீட்டில் அன்று வெளிக்கதவே இல்லை. மருந்துக் கையைக் கழுவ அவர் உள்ளே போன நேரம், டிரைவர் கோபத்தோடு முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அதே நேரம் புறவழிச் சாலை பஞ்சர் கடையில் ஒரு லாரி டயர் வெடித்தது. தெருவே அதிர்ந்தது. மேனேஜர் டிரைவரின் கால்களுக்கு நடுவே புகுந்து, பலகையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்துவிட்டது.

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தபோது, தெருக்கோடியில் நாய் ஒரு புள்ளி. பின்னால் டிரைவர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார். "மேனேஜர், டேய் மேனேஜர், நில்லுடா" என்று அவர் போட்ட சத்தத்தில் வீடு வீடாகக் கதவு திறந்தது. காலி மனைக்கு வந்து நாய் நின்றது. திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடி கூப்பிட்டார். நாய் நாலு எட்டு சாலைப் பக்கம் நகர்ந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். இன்னும் நகர்ந்தது. ஒரு டேங்கர் லாரி அடித்த காற்றில் அதன் காது பின்னால் மடிந்தது.

"மாமா, கூப்பிடாதீங்க."

"கூப்பிடாம? ரோட்டுக்குப் போகுது பாரு."

"நீங்க கூப்பிடக் கூப்பிடத்தான் போகுது."

டிரைவர் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். அவர் பார்த்துவிட்டார். தன் குரல் ஒரு கை மாதிரி அந்த நாயைச் சாலைக்குள் தள்ளிக்கொண்டிருந்ததை அவரே பார்த்துவிட்டார்.

வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் என்ன நடக்கும் என்பது அங்கிருந்தவர்களில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பாரம் ஏற்றிய வண்டி நாய்க்காக நிற்காது, நிற்கவும் முடியாது. அவர் ஸ்டீயரிங் பிடித்த நாளில் ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதித்த பிரேக்கில் பின்னால் சரக்கு சரிய, வண்டி நின்றது நாயைத் தாண்டித்தான். அன்று அவர் சாப்பிடாமல் படுத்தார். காரணத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார். அதற்கப்புறம்தான் அந்த அம்மாள் எங்கிருந்தோ ஒரு பழுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அக்காவுக்குத் தெரியும், பட்டையைக் கழற்றியது தன் கை. நான் பாத்துக்கறேன் என்றது தன் வாய். கழுத்தில் பட்டை இருந்தாலாவது கிட்டே வந்தால் பிடித்துவிடலாம், இப்போது பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் பதறினால் அந்தப் பதற்றம் நாய்க்கும் தெரியும். துரத்தினால் ஓடும். நேராகப் பார்த்தால் மிரளும். டப்பாவை எடுத்து மெதுவாகக் குலுக்கிப் பார்த்தார். மேனேஜரின் ஒரு காது திரும்பியது. தலையும் பாதி திரும்பியது. அதற்குள் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுப் போக, திரும்பிய தலை மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டது. பின்கட்டில் படித்த பாடம் ரோட்டில் கைகொடுக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன. அமைதியான இடத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்துக்குப் பழக்கி, பிறகுதான் தெருவுக்கு வரவேண்டும். மேனேஜர் இன்னும் பின்கட்டையே தாண்டவில்லை.

வேறு வழியில்லாமல் அக்கா மண்ணில் குப்புறப் படுத்தார். ஓடுகிற ஆளைவிட விழுந்து கிடக்கிற ஆளிடம் நாய்க்கு ஆர்வம் அதிகம். இவளுக்கு என்ன ஆச்சு என்று பார்க்க வரும், வந்தாலும் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் குறுக்கே வந்து சேர்ந்தான்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. ஓர் எட்டு உள்ளே வைத்தது. டிரைவரின் உடம்பு அறியாமல் முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான், நாய் பழையபடி கோட்டுக்கே போய்விட்டது. இந்த முறை முன்கால்கள் கோட்டின் மேலேயே இருந்தன.

"மாமா," என்றார் அக்கா மண்ணைப் பார்த்தபடியே, "அதுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. மெல்ல."

"முதுகைக் காட்டினா அது என்ன பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் வேணும்."

லாரிக்காரருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. காலமெல்லாம் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தே ஓட்டியவர். ஆனாலும் உட்கார்ந்தார். முழங்கால் சடசடத்தது. நாய்க்கும் சாலைக்கும் முதுகைக் காட்டியபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு லாரி போனது. அடுத்தது போனது. ஒவ்வொன்று கடக்கும்போதும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. ஏதாவது பேசலாமா என்று கேட்டார். எது வேண்டுமானாலும் பேசுங்க, அதன் பேரை மட்டும் சொல்லாதீங்க என்றார் அக்கா.

என்ன பேசுவது? வண்டி தெரியும், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் போகும் சத்தத்தைக் கேட்டு டிரைவர் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"இது சிமெண்ட்டு... இது காலி வண்டி, அதான் தடதடங்குது... இவன் கியர் மாத்தத் தெரியாதவன்... இது தண்ணி டேங்கர், அரைத் தொட்டிதான் இருக்கு, உள்ள அலம்புது..."

அக்காவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பழைய வீட்டில் மாமியார் சாயங்காலத்தில் பின்படியில் உட்கார்ந்திருப்பார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையில் போகிற வண்டிகளை இப்படித்தான் சத்தத்தை வைத்தே சொல்லுவார். அந்த அம்மாள் நம்பாமல் சிரிப்பார். இருவர் முதுகுக்கும் நடுவே மேனேஜர் தூங்கும். இந்தக் குரலை அந்த நாய்க்குத் தெரியும். இந்தக் குரலில் அது ஒருநாளும் அடி வாங்கியதில்லை.

மேனேஜரின் முன்கால்கள் கோட்டிலிருந்து இறங்கின.

அக்கா மெதுவாகச் சொன்னார். "நிறுத்தாதீங்க மாமா."

டிரைவர் நிறுத்தவில்லை. செங்கல் லாரி என்றார், கோழி வண்டி என்றார், கண்ணில் படாத வண்டிகளின் பாரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நாய் நேராக வரவில்லை. வளைந்து, நின்று, புல்லை முகர்ந்து, வேறு வேலையாக வந்ததுபோல நடித்துக்கொண்டு வந்தது. அக்காவைத் தாண்டியது. அவர் இடுப்பில் இருந்த பிஸ்கட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் பின்கழுத்தில் மூக்கை வைத்து ஒருமுறை முகர்ந்தது. பிறகு, அந்தப் பழைய படியில் போலவே, அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது.

டிரைவர் திரும்பினார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயம் முகத்தில் இரத்தமாக ஏறியது. பயம் கோபமாக மாற அவருக்கு எப்போதுமே நேரம் தேவைப்படாது. வலது கை தானாக மேலே போனது. மேனேஜர் காதை மடித்துக்கொண்டது. பின்னங்கால்கள் பாய்வதற்காகச் சுருங்கின. அவை சுருங்கியதைப் புழுதியில் உட்கார்ந்திருந்தவனும் பார்த்தான். சாலையில் லாரி வரும் சத்தம் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தினால் எல்லாம் முடிந்துவிடும். சமையலறையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னார்.

"இப்ப அடிச்சா, ஓடினதுக்கு அடிச்சதா அதுக்குத் தெரியாது. வந்ததுக்குத்தான் அடி."

ஓங்கிய கை அங்கேயே நின்றது. அது எங்கே இறங்கப்போகிறது என்பதைத் தவிர அந்த இடத்தில் வேறு எதற்கும் அர்த்தமில்லை. மெதுவாக இறங்கியது. இறங்கிய கை அவர் தலையிலேயே போய் உட்கார்ந்து, நரைத்த முடியைப் பிடித்துக்கொண்டது. லாரி கடந்து போனது.

"செங்கல்லு" என்றார் டிரைவர்.

அக்கா வயிற்றால் நகர்ந்து வந்து அவர் உள்ளங்கையில் ஒரு பிஸ்கட் துண்டை வைத்தார். நாய் தயங்கித் தயங்கி அதை எடுத்தது. அடுத்த துண்டு. அதற்கடுத்தது. அது தின்றுகொண்டிருந்தபோதே தோள் துண்டை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, புண்ணில் படாமல், முன்கால்களுக்குப் பின்னால் சுற்றிக் கட்டச் சொன்னார் அக்கா. டிரைவர் தார்ப்பாய்க் கயிறு கட்டிப் பழகிய கையால் ஒரு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு லாரி குலுங்கினாலும் அவிழாதது. அதற்குப் பிறகுதான் அக்கா எழுந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"எம் மேலதான் தப்பு மாமா. கேட்டு இல்லைங்கறத மறந்துட்டேன்."

"பட்டைய நான்தான இறுக்கினேன்" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது, செய்தி கேட்ட வெல்டர் எதிரே வந்தார். தள்ளுவண்டியில் கேட்டைப் படுக்கவைத்து, கீல் சூடு ஆறுமுன்னே தள்ளிக்கொண்டு ஓடி வந்திருந்தார். மண் பூசிய மனைவியையும், துண்டு கட்டிய நாயையும், அதைப் பிடித்து நடந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேனேஜர் எங்கப்பா போனாரு?" என்றார்.

"பேரைச் சொல்லாதடா" என்றார் டிரைவர்.

புழுதிச் சட்டைக்காரனுக்கு அந்த வீட்டில் முகம் கழுவத் தண்ணீர் கிடைத்தது. வெல்டரின் சட்டை ஒன்றும் கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்கு அந்தச் சட்டையோடுதான் போனான். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனதிலிருந்துதான் அந்த வீட்டோடு பழக்கம்.

இப்போது அந்த வாசலில் இரண்டு கேட்டுகள் இருக்கின்றன. முதல் கேட்டுக்கு உள்ளே, இடுப்பு உயரத்தில் வெல்டர் இன்னொன்று அடித்து வைத்திருக்கிறார். அக்கா இன்னும் அங்கேதான் குட்டிகளைப் பழக்குகிறார். புதிதாக வருகிறவர்களிடம், கூப்பிட்டால் வருகிற நாயை அடிக்கக்கூடாது என்ற முதல் பாடத்தை டிரைவர் நான்தான் சொல்வேன் என்கிறார். எல்.கே.ஜி. கிண்டலையும் விடவில்லை. அவரிடம் தனியாக ஒரு தகர டப்பா இருக்கிறது, மேனேஜரை அதைக் குலுக்கித்தான் கூப்பிடுகிறார். மேனேஜருக்கு முகவாய் நரைத்துவிட்டது. புண் ஆறிய இடத்தில் மட்டும் முடி வளரவில்லை. நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பட்டைதான் போட்டிருக்கிறது. சாயங்காலத்தில் டிரைவர் பின்படியில் உட்கார்ந்து வண்டிகளின் பாரத்தைச் சொல்கிறார், நாய் அவர் முதுகில் சாய்ந்து தூங்குகிறது.